உன்னுடைய முதல் சாவு

இன்று காலை கடையில் ஒரு புதுக்கட்டுத் துணியைப் பிரித்தேன். சாக்கைக் கத்தரித்தவுடன் கறுப்புச் சாயத்தின் மணம் எழும்பி வந்தது. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் நனைந்த குடை. இப்போதெல்லாம் கலியாண வீட்டுக்கே கறுப்புச் சாறி கட்டுகிறார்கள்; கறுப்பு இல்லாமல் கொழும்பு வெள்ளவத்தையில் துணிக்கடை நடத்த முடியாது. அடிக்கடி பிரிக்கிற கட்டுத்தான். ஆனாலும் அந்த மணம் வந்தால் என் கழுத்து தானாக வாசல் பக்கம் திரும்புகிறது. நீ படியேறி வருகிற மணம் அது.

நீ போய் இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. ஊருக்கு அது தெரியாது. ஊரைப் பொறுத்தவரை நீ செத்து எத்தனையோ வருடம். அந்த முதல் சாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது என் கடையில் நடந்தது. அதில் உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப் போவதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் நீ வருடத்துக்கு இரண்டு தரம் வந்து, என்னோடு பேரம் பேசி, சிரித்துவிட்டுப் போனாய். அந்தச் சிரிப்புக்கு ஒருநாள் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது.

நீ முதல் தரம் வந்தபோது என் கடை இப்போதிருக்கிறதில் கால்வாசி. ஒரு பக்கம் துணி, மற்றப் பக்கம் பாட்டுக் கசற் பதிந்து கொடுக்கிற மேசை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பையோடு வந்து, மற்றவன் கடையில் துணி மடித்து, பிறகு நடைபாதையில் விற்று, அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு கூரை. ஆகவே வாசலுக்கு வருகிற ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பது என் வைராக்கியம். நீ கறுப்புத் துணி கேட்டாய். மெல்லியது, நிறைய.

“செத்தவீட்டுக்கோ, பிள்ளை?” என்றேன்.

“இல்ல முதலாளி, பாட்டுக்கு” என்றாய்.

அந்த நாளில் எங்கள் கடைகளில் யார் கறுப்பு வைத்திருந்தார்கள்? என்னிடம் மட்டும் ஒரு கட்டுக் கிடந்தது. புதுக்கடை நீதிமன்றத்து அப்புக்காத்துமாரின் கவுணுக்கென்று மலிவாக எடுத்து, விற்காமல் தேங்கிய துணி. நீ அதை விரலால் தடவிப் பார்த்தாய். தடவிக்கொண்டே எதையோ முணுமுணுத்தாய். பெரிய சத்தம் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் சீத்தைத் துணிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என் அனுபவத்தில் தீபாவளி நெரிசலில் மின்சாரம் நின்றால்கூடப் பேரம் நிற்காது. அன்றைக்கு நின்றது. அதை நான் குறித்துக்கொண்டேன். வியாபாரி வேறெதைக் குறிப்பான்?

நீ கொட்டாஞ்சேனை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கொம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். பகல் முழுக்க மூன்று பாஷையில் “ஹலோ” சொல்லி மற்றவர்களுக்கு லைன் கொடுக்கிற பெண், சனிக்கிழமைகளில் ஒரு இங்கிலீஷ் பாண்டில் பாடினாய். கோதிக் ரொக் என்றாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். “கல்லறைப் பாட்டு, முதலாளி. ஆனா கிற்றார் இருக்கும்” என்றாய். துணியில் கொஞ்சம் விலை குறைத்ததற்கு நன்றியாக ஒரு நிகழ்ச்சிக்கு அழைத்தாய்.

கல்கிசையில் ஒரு ஹோட்டல் மண்டபம். வந்த ஆட்கள் எல்லாம் கறுப்பு. ஆம்பிளைப் பிள்ளைகள்கூடக் கண்மை பூசியிருந்தார்கள். பேஸ் கிற்றார் முன்னுக்குப் போக, ட்ரம்ஸ் மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. நீ நடுவில் நின்று, கண்ணை மூடி, அடித்தொண்டையில் பாடினாய். எனக்குப் பாட்டு விளங்கவில்லை. குரல் விளங்கியது. தவக்காலத்தில் உங்கள் கோயில்களில் பசான் படிப்பார்களே, யேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற அந்த நீளமான இழுவை, அது உன் இங்கிலீஷுக்குள்ளே கிடந்தது.

முடிந்து வெளியே வந்தபோது கேட்டேன். “ஏன் பிள்ளை, செத்தவீட்டுக்குக் காசு குடுத்து ஆர் வருவினம்?”

“இவங்க வந்திருக்காங்களே.”

“இவையின்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. அதுதான் வந்திருக்கினம்.”

நீ பையில் பஸ் காசைத் தேடத் தொடங்கினாய். ஆனால் நான் சொன்னது எங்கேயோ போய்த் தைத்தது என்று பிறகு தெரிந்தது. கொஞ்ச நாளில் கிற்றார்க்காரன் அவுஸ்திரேலியா போனான். ட்ரம்ஸ் அடித்தவனும் பின்னால் போனான். யுத்தம் அப்படித்தான், குண்டு விழாத வீட்டிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது. நீ தனியே நின்றாய். கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், கசற் மேசையில் முழங்கையை வைத்துக்கொண்டு சொன்னாய்.

“முதலாளி, தமிழ்ல நாலஞ்சு பாட்டு எழுதி வெச்சிருக்கேன். யாரும் கேக்கமாட்டாங்க.”

“கேட்கிறதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ பாடு.”

அப்படித்தான் உன் தனி அல்பம் தொடங்கியது. கல்கிசையில் ஒரு பறங்கிக்காரரின் கராஜில் பதிந்தோம். கோழிக்கூட்டுக்குப் பக்கத்துக் கராஜ். ஒரு பாட்டு முடியும் நேரம் சேவல் கூவி, திரும்பப் பாடவேண்டி வந்தது. “விடுங்க முதலாளி, பேதுருவுக்கும் கூவினதுதானே” என்று சிரித்தாய். 

அதில் ஒரு பாட்டு. உனக்குத் தெரியும் எதைச் சொல்கிறேன் என்று. செத்துப்போனது தனக்கே தெரியாத ஒரு ஆவி, தன் வீட்டு வாசலில் நின்று, கதவைச் சாத்தாதீர்கள், நான் இன்னும் வீடு வரவில்லை என்று பாடுகிறது. சின்ன வயதில் உனக்கு இருந்த பயத்தை வைத்து எழுதினாயாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் எல்லாரும் உன்னை மறந்து கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற பயம். உனக்கு அது பேய்ப் பாட்டு. யுத்தத்தில் பிள்ளையைத் தேடுகிற தாய்மார் அதை எப்படிக் கேட்பார்கள் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நான் முதலில் அதிகமாக அச்சடித்திருப்பேன். நான் அப்படிப்பட்டவன்தான்.

அட்டைக்குப் படம் உன் விருப்பம். கறுப்புச் சட்டை, மூடிய கண், பக்கத்தில் வெள்ளை லில்லிப் பூ, ஒரு மெழுகுதிரி, சுற்றிக் கறுப்புக் கரை. இங்கிலீஷ் பாண்டுகள் எல்லாம் இப்படித்தான் போடும் என்றாய். கசற்றில் பெயரும் வீட்டுப் பெயர் இல்லை, மேடைக்கென்று நீ வைத்துக்கொண்ட பெயர். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்துக்கு இரண்டு பேரும் முச்சக்கர வண்டியில் போனோம். வழியில் சோதனைச் சாவடி. நீ தலை முதல் கால் வரை கறுப்பு. கறுப்பு உடுத்த தமிழ்ப் பெண் என்றால் தற்கொலைக் குண்டுக்காரியோ என்று அந்த நாளில் சாவடியில் எல்லாரும் துவக்கை ஒருதரம் சரிபார்ப்பார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் ஏன் கறுப்பு என்று சிங்களத்தில் கேட்டான். நீ கண்ணைத் தாழ்த்தி, “அம்மா நெதிவுனா, மாத்தயா” என்றாய். அம்மா செத்துப்போனா என்று.

“அனே” என்று அவன் முகம் இளகி, கையைக் காட்டி விட்டான்.

வண்டி திரும்பியதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “வீட்ல அம்மா மீன் கழுவிக்கிட்டு இருக்காங்க. கேட்டா செத்தே போயிருவாங்க.” வண்டிக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு சாவைச் சொன்னால் வழி விடுகிறார்கள் என்பதை அன்றைக்கு இரண்டு பேரும் பார்த்தோம். நீ அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டாய். நான் விடவில்லை.

அச்சகத்தில் நினைவு அஞ்சலி அட்டைகளும் செத்தவீட்டு அறிவித்தல்களும்தான் அந்த நாளில் ஓயாத வேலை. நீ வண்டியிலேயே இருக்க, நான்தான் படத்தை உள்ளே கொடுத்தேன். அச்சடிக்கிறவர் உன் படத்தைப் பார்த்தார், கறுப்புக் கரையைப் பார்த்தார், பூவையும் மெழுகுதிரியையும் பார்த்தார். ஒருத்தரையும் கேட்காமல், தன் பழக்கத்தில், பெயருக்குக் கீழே இரண்டு கூப்பிய கைகளைப் போட்டு அடித்துவிட்டார். நாங்கள் அட்டைகளை எடுக்கப் போனபோது முழுவதும் அடித்து முடிந்திருந்தது. “பிள்ளைக்கு ஆத்ம சாந்தி கெடைக்கட்டும்” என்று வேறு சொன்னார், உன்னைப் பார்த்தபடி. தலையை இழுத்துப் பின்னி, ஒபிஸ் சாறியில் நின்ற உன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் கத்தத் தயாரானேன். நீதான் என் கையைப் பிடித்தாய். “வேணாம் முதலாளி! இதுதான் சரி. இதைவிட கோதிக்கா லண்டன்லகூட செய்யமாட்டாங்க.” உனக்கு அவ்வளவு சந்தோசம். திரும்ப அடிக்கிற செலவு மிச்சம் என்று எனக்கும் சந்தோசம்.

முதலில் ஒன்றும் போகவில்லை. உன் கறுப்புக்காரர்களுக்குத் தமிழ் வேண்டாம்; தமிழ் கேட்கிறவர்களுக்கு அந்த ட்ரம்ஸ் வேண்டாம். தெரிந்த பஸ் கண்டக்டர்மாருக்கு ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தேன். சைவச் சாப்பாட்டுக் கடையில் போடச் சொன்னேன். பிறகு ஒரு காலை, நான் கவுண்டரில் துணி அளந்துகொண்டிருக்கிறபோது, ஒரு அம்மா வந்து கசற் அட்டையைக் கையில் எடுத்தா. வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருக்கிற ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கையில், வடக்கு ஆட்கள் கொழும்பில் தங்க எடுக்கிற பொலிஸ் பதிவுக் காகிதம் மடித்து வைத்திருந்தா.

“தம்பி, இந்தப் பிள்ளை எப்பிடிச் செத்தது?”

நான் முழக்கோலைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. ‘அம்மா, அவ சாகேல்லை, கொள்ளுப்பிட்டியில வேலைக்கு நிக்கிறா’ என்றால் முடிந்தது. ஆனால் அந்த அம்மா உன் படத்தின் நெற்றியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தா. கசற் விற்கப் போகிறது என்று என் மூக்குக்குத் தெரிந்தது. நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

“என்ன செய்யிறது அம்மா... காலம்” என்றேன்.

அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமும் எனக்குள்ளே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: பொய் சொல்லவில்லை, மூச்சுத்தான் விட்டேன்.

அந்த அம்மா லொட்ஜில் இருந்த மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவர்கள் வேறு ஆட்களை. சில வாரத்தில் கதை எனக்கு முன்னால் ஓடியது. கொழும்புக் குண்டு வெடிப்பில் செத்தாய் என்று ஒருத்தர். கடலில் வள்ளம் கவிழ்ந்து என்று ஒருத்தர். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பவில்லை என்று ஒருத்தர். ஷெல் என்று ஒருத்தர். வெளிநாட்டுக்குப் போகிற வழியில் பனியில் என்றும் கேள்விப்பட்டேன். ஒவ்வொருத்தரும் தங்கள் வீட்டுச் சாவை எடுத்து உனக்குப் போட்டுவிட்டார்கள். நான் எல்லாருக்கும் தலையை ஆட்டினேன். 

றேடியோவில் வந்தது. “மறைந்த பாடகி” என்று அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பிறகு காலி வீதிப் பஸ்களில், சலூன்களில், புறக்கோட்டை மொத்தக் கடைகளில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில், தமிழ் விளங்காத சிங்களப் பெடியன்களின் முச்சக்கர வண்டிகளில். மலையகத்தில் தேயிலைத் தோட்ட லயங்களில் ஓடுகிறது என்று லொறிக்காரர்கள் வந்து கட்டுக் கட்டாக எடுத்தார்கள். கல்லறைப் பாட்டு ஊர்ப்பாட்டு ஆகிவிட்டது. அந்தக் கராஜில் பதிந்த, ட்ரம்ஸ் காலை இழுக்கிற அதே பாட்டு. ஒரு சுரம் மாற்றவில்லை.

உனக்குரியதை நான் ஒழுங்காகக் கொடுத்தேன். அதில் எனக்குக் குற்றம் இல்லை. அந்தக் குற்றமாவது இருந்திருந்தால் எப்போதோ தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதலில் நீயும் சிரித்தாய். “முதலாளி, இன்னிக்கு ஒபிஸ்ல என் பக்கத்து சீற்காரி எனக்காக அழுதா. நான் அவளுக்கு டிஷ்யூ குடுத்தேன். ‘உனக்கு ஈவிரக்கமே இல்ல, ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு’ன்னு என்னையே ஏசுறா” என்றாய். நாங்கள் இருவரும் கசற் மேசையில் கையை ஊன்றிச் சிரித்தோம். வந்த ஆட்கள் உன்னைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பின்னல், சாறி, கையில் சாப்பாட்டுப் பை. செத்தவள் இப்படியா இருப்பாள்?

பிறகு நீ சிரிப்பதைக் குறைத்தாய். 

“முதலாளி, ஒரு நிகழ்ச்சி போடுவோமா? நானே பாடுறேன்.”

“கொஞ்சம் பொறு, பிள்ளை. ரெண்டாந்தரம் அடிச்சது முடியட்டும்.”

அது முடிந்தது. மூன்றாந்தரம் என்றேன். பிறகு நாட்டு நிலைமை என்றேன். பிறகு நல்ல மண்டபம் கிடைக்கவில்லை என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையில், சரக்கு இல்லை என்று பொய் சொல்கிற கடைக்காரனைப் பார்க்கிற பார்வை இருந்தது.

கடைசியில் எனக்குச் சொல்லாமல் நீயே ஏற்பாடு செய்தாய். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், ஞாயிறு பகல். இரவில் ஆட்கள் வெளிக்கிடப் பயந்த காலம், பாட்டுக் கச்சேரியெல்லாம் வெயிலோடுதான். ஒரு இசைக்குழு பல பேருடைய பாட்டுகளைப் பாட, நடுவில் உன்னுடையதும். கதை காதில் விழுந்து நான் ஓடிவந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. இடமில்லாமல் பக்கச் சுவரோரம் நின்றேன். அறிவிப்பாளருக்கு நீ யார் என்று சொல்லியிருந்தாய். அவர் நம்பவில்லையோ பகிடி என்று நினைத்தாரோ, “மறைந்த நம் சகோதரியின் நினைவாக” என்று உன்னை மேடைக்கு அழைத்தார்.

நீ கறுப்பில் வந்தாய். என் கடைத் துணி. கண்ணை மூடிப் பாடத் தொடங்கினாய். முதல் அடிக்கு ஒருத்தரும் அசையவில்லை. இரண்டாவது அடியில் யாரோ விசும்பினார்கள். மூன்றாவதில் பின்வரிசையில் ஒருத்தர் எழும்பிவிட்டார்.

“இறக்குங்கோ அவளை! செத்த பிள்ளையின்ர உடுப்பை உடுத்து, அந்தப் பிள்ளையின்ர குரலிலயே நடிச்சுக் காட்டுறாள். வெக்கமில்லையோ?”

“சரியா அதேமாதிரியே செய்யிறாள், பாருங்கோ!” என்றா ஒரு பெண், அழுகையும் ஆத்திரமுமாக. 

நீ பாட்டை நிறுத்தினாய். மைக்கில் சொன்னாய். “நான்தாங்க அது. நான் சாகல்ல.”

யாரோ சிரித்தார்கள். யாரோ கதிரையைத் தள்ளினார்கள். முன்வரிசையில் அந்த லொட்ஜ் அம்மா இருந்தா. எழும்பவில்லை, கத்தவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டா. 

நீ கூட்டத்துக்கு மேலாகத் தேடி, சுவரோரம் நின்ற என்னைக் கண்டுபிடித்தாய். “முதலாளி, நீங்க சொல்லுங்க.”

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. என்னை எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னால் எடுபடும்.

பிறகு யாராவது அந்த நாளைப் பற்றிக் கேட்டால், அந்த அம்மா காதைப் பொத்தியதைப் பார்த்துத்தான் என் நா எழவில்லை என்று சொல்லுவேன். அழகான காரணம். ஆனால் வரிசை அதுவல்ல. முதலில் எனக்கு ஞாபகம் வந்தது கடை. இத்தனை பேரையும் ஏமாற்றினவன் என்று இன்றைக்கே கண்ணாடியை உடைப்பார்கள். இல்லாவிட்டால் பொலிசில் யாராவது போய் ஒரு சொல் சொன்னால் போதும், காலி வீதியில் ஒரு தமிழன் கடையை மூட அது காணும். பிறகு ஞாபகம் வந்தது அலுமாரியில் கிடந்த கசற்கள். அந்த அம்மா எனக்கு மூன்றாவதாகத்தான் ஞாபகம் வந்தா.

நான் தலை குனிந்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன். பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தட்டி, “விடுங்கோ, உங்களுக்கும் மனம் நோகும்தானே” என்றார்.

நீ மைக்கை விட்டாய். எறியவில்லை. பத்திரமாக, ஸ்ராண்டில் கொழுவிவிட்டு இறங்கினாய்.

நான் ஒழுங்கைவழியே பின்னால் ஓடிவந்தேன். நீ கடலோரத் தண்டவாளத்துப் பக்கம் போய், ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாய். உச்சி வெயில். கறுப்புத் துணியில் உப்பும் வேர்வையும் கோடு கோடாக வெளுத்திருந்தன. நான் என்னென்னவோ சொன்னேன். அந்த அம்மா என்றேன். காலம் என்றேன். கடைசியில் வேறு வழியில்லாமல், “நீயும்தானே சாவடியில அம்மாவைச் சாகடிச்சனீ” என்றேன். இதைவிடக் கேவலமாக ஒன்று என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

நீ கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய். “நான் வீட்டுக்குப் போனதும் அம்மாவ எழுப்பிட்டேன், முதலாளி. நீங்க என்னைத்தான் எழுப்பவே இல்ல.”

ரயில் ஒன்று வந்து போனது. பிறகு நீ எழும்பி, சாறிக் கரையை உதறி, கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுக்கப் போனாய். 

அதற்குப் பிறகு நீ பாடவில்லை. இன்னொரு அல்பம் போடுவோம் என்று நானும் கேட்கவில்லை. செத்தவள் இரண்டாவது அல்பம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும், நான்தானே உன்னை அப்படி ஆக்கினவன். நீ வேலைக்குப் போனாய். ஹலோ சொன்னாய், லைன் கொடுத்தாய். நத்தார் பண்டிகைக்கு ஒரு தரம், உங்கள் கோயில் திருநாளுக்கு ஒரு தரம் கடைக்கு வந்தாய். பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி, வெளிர்நீலம். கறுப்பை ஒருநாளும் கேட்கவில்லை. “என்ன முதலாளி, விலை ஏறிக்கிட்டே போகுது, நாங்கெல்லாம் எப்படி வாழ்றது?” என்பாய். ‘வாழ்றது’ என்ற இடத்தில் நீ எதையும் அழுத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் கையில் முழக்கோல் வழுக்கும். ஒருதரமாவது திட்டியிருக்கலாம், பிள்ளை. நான் சமாளித்திருப்பேன். திட்டுகிற வாடிக்கையாளரோடு எனக்கு நல்ல பழக்கம்.

கடை வளர்ந்தது. மேல்மாடி கட்டினேன். திறப்பு விழாவுக்கு நீ வந்து, மாடிப்படியில் நின்று ஒருதரம் மேலே பார்த்தாய். அதற்கு மேல் ஏறவில்லை. முழங்கால் நோகிறது என்றாய்.

யுத்தம் முடிந்தது. இனி உண்மையைச் சொல்லலாம் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். ஆர் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டுத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். எழுந்து உட்கார முடியாத நிலை. ஆனால் கண் அதே கண்.

“வாங்க முதலாளி. இந்த முறை உண்மையாத்தான்” என்றாய்.

“அப்பிடிச் சொல்லாத, பிள்ளை. நான் எல்லாருக்கும் சொல்லப்போறன். பேப்பரில போடுறன்.”

“என்னத்த? நான் உயிரோட இருக்கேன்னா? அதுக்கு இனி எங்க முதலாளி நேரம்?” என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகியது. தாதி வந்து என்னை வெளியே அனுப்பினா.

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டில் அடக்கத்துக்கு ஆட்கள் குறைவு. ஒபிஸில் கூட வேலை செய்த நாலைந்து பேர், அயலட்டைச் சனம், கோயில் ஆட்கள். அறிவித்தலில் ‘ஓய்வுபெற்ற டெலிபோன் ஒப்பரேட்டர்’ என்று மட்டும் இருந்தது. உன் தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“பாடகின்னு போடவேணாம்னு அக்காவே சொல்லிட்டாங்க, அண்ணே” என்றார். “ஒரு ஆளுக்கு ரெண்டு செத்தவீடு ஆகாதாம்.”

அந்தப் பெட்டிக்குள்ளிருந்தும் நீ பகிடி விடுகிறாய் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோயில் மதிலோரம் போய் நின்று அழுதேன்.

உன் சொல்லை மீறித்தான் அடுத்த கிழமை ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். என் செலவில் ஒரு நினைவஞ்சலி. உன் மேடைப் பெயரில், சரியான திகதியோடு. கவுண்டரில் இருந்த பிள்ளை பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணை அகட்டினா.

“ஐயா, இவங்க அந்தக் கதவுப் பாட்டு பாடினவங்கதானே? அப்பவே செத்துட்டாங்களே. எங்க அம்மம்மா இந்தப் பாட்டுக்கு இன்னும் அழுவாங்க.”

“இல்லை பிள்ளை, போன கிழமைதான் செத்தவ.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“மரணச் சான்றிதழ் இருக்கா?”

இருந்தது. உன் தம்பியிடம் வாங்கிய பிரதி. அதில் உன் வீட்டுப் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. உன் பொய்ச் சாவுக்கு ஊரில் ஒருத்தரும் என்னிடம் அத்தாட்சி கேட்கவில்லை. மெய்ச் சாவுக்குக் கேட்கிறார்கள்.

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கவேண்டும். “ஐயா, ஒண்ணு செய்வோம். திகதி போடாம, ‘என்றும் எங்கள் நினைவில்’ன்னு மட்டும் போடலாம். பெரிசா, கறுப்புக் கரை வெச்சு. ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க” என்றா.

நல்ல யோசனை. ஒருத்தருக்கும் நட்டமில்லாத யோசனை. நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பாட்டு இன்னும் ஓடுகிறது. போன கிழமை கல்கிசைப் பஸ்ஸில் ட்ரைவர் போட்டார். பக்கத்தில் இருந்த மனிசன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பாவம், என்ன வயசில போச்சுது இந்தப் பிள்ளை” என்றார்.

“அறுபதைத் தாண்டித்தான் போனவ” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“கொள்ளுப்பிட்டியில வேலை செய்து பென்சன் எடுத்தவ. மீன்காரனோட காலமையில சண்டை பிடிப்பா. வெளிர்நீலம் எண்டால் விருப்பம். தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போட்டு, டொக்டரிட்ட ஒரு கரண்டி எண்டு சொல்லுவா. தம்பியின்ர பிள்ளையளைப் படிப்பிச்சு ஆளாக்கினவ. நேரில வலு பகிடியான ஆள்.”

அவர் எழும்பி, இரண்டு சீற் தள்ளிப் போய் உட்கார்ந்தார். நான் முன்சீற்றில் இருந்த அம்மாவின் பக்கம் குனிந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவ கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தா.

இதுதான் இப்போது என்னிடம் இருக்கிறது, பிள்ளை. நீ உயிரோடு இருந்த அத்தனை வருடமும். எங்கே போனாலும் அதை எடுத்து வைக்கிறேன். ஒருத்தரும் வாங்குகிறார்கள் இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ சரக்கைத் தேங்கவிட்டு, கடைசியில் கழிவு விலைக்குப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். இதை ஒரு சதம் குறைக்க மாட்டேன்.